கொரோனாவுக்குப் பின் "விடுபட்ட தடுப்பூசி முகாம்" நடத்தினார்களே, அது எதற்கு?

ஊரடங்கில் போட முடியாமல் போன குழந்தைத் தடுப்பூசிகளைத் தேடிப்பிடித்துப் போடுவதுதான் அது. 2021இல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 2.5 கோடிக் குழந்தைகளுக்கு முத்தடுப்பு ஊசியின் (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி மூன்றையும் தடுப்பது) ஒரு தவணையாவது தவறிப்போனது.

மருத்துவமனையைத் திறந்தால் போதாதா, தனி முகாம் ஏன்? அடைமழையில் ஒரு வாரம் துணி துவைக்காத வீட்டை நினைத்துப் பாருங்கள். வெயில் வந்த அன்று பழைய மூட்டையும் இருக்கும், அன்றைய துணியும் சேரும். கொடியின் நீளமோ அதேதான். செவிலியர் விஷயமும் அப்படித்தான். இன்று பிறந்த குழந்தையையும் பார்க்க வேண்டும், அட்டையில் கட்டம் காலியாக இருக்கும் இரண்டு வயதுக் குழந்தையையும் வீடு வீடாகத் தேட வேண்டும். இடம் மாறிப்போன குடும்பமாக இருந்தால் இன்னும் சிரமம்.

தாமதிக்கவும் முடியாது. தட்டம்மை பரவாமலிருக்க நூற்றில் 95 குழந்தைகளாவது இரண்டு தவணையும் போட்டிருக்க வேண்டும். விட்டுப்போனவர்கள் சேரச் சேர, நோய்க்கு வழி கிடைத்துவிடுகிறது. 2022 இறுதியில் மும்பையில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்தது நினைவிருக்கலாம். இந்தியாவில் விடுபட்ட தட்டம்மை ஊசியை ஐந்து வயது வரை போடுகிறார்கள். வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு மருந்துக்கு அவ்வளவு அவகாசமில்லை. முதல் தவணையை ஒரு வயதுக்குள் தொடங்கியாக வேண்டும்.

"இடையில் விட்டுவிட்டோம், இனி முதலிலிருந்து போட வேண்டும்" என்று பலர் தயங்குகிறார்கள்; பொதுவாக அது தேவையில்லை, விட்ட தவணையிலிருந்தே தொடருவார்கள்.