கடைசிச் சொல்லை விழுங்கும் பயான்

மதிப்பிற்குரிய காக்கா (அண்ணன்) அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் ஒன்றரை ஆண்டாக இமாமாக இருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு முன் இருபத்தைந்து நிமிடம் தமிழில் பயான் (மார்க்கச் சொற்பொழிவு), அதன்பின் அரபியில் குத்பா (தொழுகைக்குரிய உரை). கிதாபு பார்த்து, குறிப்பெடுத்துக்கொண்டுதான் பேசுகிறேன். என் குரல் மெல்லியது. பத்து நிமிடத்துக்குள் மூன்றாவது ஸஃப்பில் (தொழுகை வரிசையில்) தலைகள் சாய ஆரம்பித்துவிடுகின்றன. சென்ற மீலாது (நபி பிறந்தநாள்) கூட்டத்துக்கு வெளியூரிலிருந்து வந்த பேச்சாளர் ஒன்றேகால் மணி நேரம் தொண்டை கிழியப் பேசினார். "பேச்சுன்னா இதுல்ல பேச்சு" என்று ஊரே சொன்னது. மறுநாள் ஜமாஅத் நிர்வாகி ஒருவர், "ஆலிம்சா, நீங்களும் கொஞ்சம் காரமாப் பேசுங்களேன்" என்றார். நபி (ஸல்) அவர்கள் குத்பாவில் கண் சிவக்க, குரல் உயரப் பேசினார்கள் என்று ஹதீஸ் (நபியைப் பற்றிய அறிவிப்பு) இருப்பதையும் நினைவூட்டினார். நான் என்னை மாற்றிக்கொள்ள வேண்டுமா? பேசும் விதம் கேட்பவரை அவ்வளவு தூரம் பாதிக்கிறதா?

(பெயர் வேண்டாம் எனக் கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள ஆலிம்சா அவர்களுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். நிர்வாகி சொன்ன ஹதீஸ் சரியானதுதான். நபித்தோழர் ஜாபிர் (ரலி) அறிவிப்பதாக ‘முஸ்லிம்’ என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. ஆனால் அது முழுதாக என்ன சொல்கிறது என்று பாருங்கள்: எதிரிப் படை காலையிலோ மாலையிலோ உங்கள் மேல் வந்து விழப்போகிறது என்று எச்சரிப்பவரைப் போல இருந்தார்கள் என்கிறது. மறுமை நெருங்கிவிட்டதைச் சொல்லும் இடம் அது. பெரியதொரு விஷயத்தை எச்சரிக்கும்போது அப்படி இருந்திருக்கலாம் என்றுதான் அந்தத் தொகுப்புக்கு விளக்கம் எழுதிய இமாம் நவவியும் விளக்குகிறார்கள். படை வருகிறது என்று கத்துகிறவன் ஒன்றேகால் மணி நேரம் கத்த மாட்டான். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவான், ஊர் எழுந்துவிடும்.

இதன் பக்கத்தில், ‘புகாரி’ என்ற தொகுப்பில் உள்ள, நபியவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) அவர்களின் சொல்லை வையுங்கள். சொற்களை ஒன்று, இரண்டு என்று எண்ண விரும்புகிறவர் எண்ணிவிடலாம், நபியவர்களின் பேச்சு அப்படி இருந்தது என்கிறார்கள். இதை ஒட்டி வரும் மற்றோர் அறிவிப்பு இன்னும் சுவையானது. ஒருவர் ஆயிஷா (ரலி) அவர்களின் அறைக்கு அருகே அமர்ந்து ஹதீஸ்களை வேகமாகச் சொல்லிக்கொண்டே போகிறார். அன்னையார் நஃபில் (உபரி) தொழுகையில் இருக்கிறார்கள். தொழுது முடிப்பதற்குள் அவர் எழுந்து போய்விடுகிறார். கையில் கிடைத்திருந்தால் "நீங்கள் அடுக்குவது போல நபியவர்கள் பேச்சை அடுக்கவில்லை" என்று சொல்லியிருப்பேன் என்கிறார்கள். பேச்சின் பாணி பற்றிய விமர்சனம் நம் காலத்துச் சரக்கு அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இரண்டு ஹதீஸையும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் கேள்விக்கான பதில் கிடைக்கிறது. குரல் விஷயத்தைப் பின்தொடர வேண்டும். விஷயம் எதுவானாலும் குரல் ஒரே இடத்தில் நின்றால் காது அதை விட்டுவிடும். மாவு அரைக்கும் கிரைண்டர் ஓடும்போது தொட்டிலில் கிடக்கும் பிள்ளை தூங்கும். நிறுத்தினால்தான் விழிக்கும். வெளியூர்ப் பேச்சாளர் பெரிய கிரைண்டர், நீங்கள் சின்ன கிரைண்டர். கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் குரல் மெல்லியதாக இருப்பது குறையல்ல, இருபத்தைந்து நிமிடமும் ஒரே மட்டத்தில் இருப்பதுதான் குறை. அவருக்கு யாரும் தூங்காததற்குக் காரணம் புது முகம், இரவுக் காற்று, பந்தல், தேநீர். அதே மனிதர் உங்கள் மிம்பருக்கு (உரை மேடைக்கு)ப் பக்கத்தில் ஐம்பத்திரண்டு வெள்ளிக்கிழமை நின்று அப்படியே பேசட்டும், மூன்றாவது ஸஃப் என்ன ஆகிறதென்று பார்ப்போம்.

தலை சாய்வதற்கு நீங்கள் மட்டும் பொறுப்பும் அல்ல. உச்சி வெயில் நேரம், வெள்ளிக்கிழமைக் குளிப்பு, தலைக்கு மேல் காற்றாடி. பள்ளியில் தூக்கம் வந்தால் இடம் மாறி உட்காரச் சொல்லும் ஹதீஸ் திர்மிதியில் இருக்கிறது, அதை ஒருமுறை சொல்லி வையுங்கள். ஷாஃபி மத்ஹபில் (சட்ட மரபில்) பிட்டம் தரையில் நன்றாகப் பதிய உட்கார்ந்து தூங்கினால் உளூ (தொழுகைக்கான உடல் சுத்தம்) முறியாது என்ற சட்டம் உங்கள் ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

இனி, பலரும் கவனிக்காத ஓர் இடத்துக்கு வருகிறேன். தமிழில் வாக்கியத்தின் உயிர் கடைசியில் இருக்கிறது. ஆகும், ஆகாது, கூடும், கூடாது, உண்டு, இல்லை எல்லாம் கடைசியில்தான் வரும். பேசுகிறவரின் மூச்சு தீர்வதும் அங்கேதான். "தன் பெற்றோருக்கு ஒருவர் ஜகாத் கொடுக்கக்" என்பது வரை தெளிவாக வந்து, "கூடாது" என்பது தொண்டைக்குள் இறங்கிவிடும். பின் ஸஃப்பில் இருப்பவருக்கு "கொடுக்க" வரைதான் கேட்கும். அவர் வீட்டுக்குப் போய் ஆலிம்சா கொடுக்கச் சொன்னார் என்பார். தாயிடமும் தந்தையிடமும் கொடுத்துவிட்டு ஜகாத் என்ற கட்டாயக் கொடை நிறைவேறியது என்று இருந்துவிடுவார். ஹலால், ஹராம் என்ற இரண்டு சொற்களையும் கவனியுங்கள். தொடக்கம் ஒன்று, நீளம் ஒன்று. எதிரொலிக்கும் மண்டபத்தில் இரண்டும் ஒரே ஓசையாகக் கலந்துவிடும். எனவே தீர்ப்புச் சொல்லைத் தனியாகச் சொல்லாமல் துணையோடு சொல்லுங்கள்: "ஹராம், கூடாது." "ஹலால், ஆகும்." வாக்கியத்தைச் சிறிதாக்குங்கள். ஒரு மூச்சில் முக்கால்வாசி செலவாகும்போதே வாக்கியம் முடிந்துவிட வேண்டும். மிச்ச மூச்சு கடைசிச் சொல்லுக்கு.

இதே சிக்கல் "என்று" என்ற சொல்லிலும் உண்டு. மூன்று நிமிடம் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி, "என்று இன்னார் சொன்னார்கள்" என முடித்தால், பேசியது யார் என்று தெரியாமலேயே மூன்று நிமிடம் கேட்டிருப்பார்கள். சொல்பவரின் பெயரை முதலில் வையுங்கள். ஆயத் (குர்ஆன் வசனம்) ஓதும்போது இன்னொரு குழப்பம். பலர் ஆயத்தை இராகத்தோடு ஓதி, அதே இராகத்தில் தமிழ் அர்த்தத்தையும் சொல்லி, நிற்காமல் தங்கள் விளக்கத்துக்குள் போய்விடுகிறார்கள். அல்லாஹ்வின் வார்த்தை எங்கே முடிந்தது, ஆலிம்சாவின் வார்த்தை எங்கே தொடங்கியது என்று அரபி தெரியாதவருக்கு எப்படித் தெரியும்? ஓதிய பின் நிறுத்துங்கள். அர்த்தத்தைச் சாதாரணப் பேச்சுக் குரலில் சொல்லுங்கள். மறுபடி நிறுத்திவிட்டு விளக்கத்துக்குப் போங்கள்.

எவ்வளவு நேரம் நிறுத்துவது? மனத்துக்குள் இரண்டு முறை "சுப்ஹானல்லாஹ்" சொல்லும் நேரம். பேசுகிறவருக்கு அது அரை மணி நேரம் போலத் தெரியும், கேட்பவருக்கு அப்போதுதான் சொன்னது உள்ளே இறங்கும். சாய்ந்த தலைகள் நிமிர்வதும் அந்த இடத்தில்தான். ஒருமுறை செய்து பாருங்கள்.

எண்களைச் சொல்லும்போது ஊர் அளவையில் சொல்லுங்கள். தங்கத்தின் நிஸாப் (ஜகாத் கடமையாகும் குறைந்த அளவு) 85 கிராம் என்றால் காற்றில் போய்விடும். "85 கிராம். பத்தரைப் பவுனுக்குச் சற்று மேலே" என்றால் பெண்கள் பகுதியில் கணக்குத் தொடங்கிவிடும். ஒரு பயானுக்கு ஒரு கணக்குப் போதும். முக்கியமான வாக்கியத்தை மூன்று முறை சொல்வது நபிவழி, அனஸ் (ரலி) அறிவிப்பு புகாரியில் இருக்கிறது. மூன்று முறையும் அதே சொற்களில் சொல்லுங்கள். சொல்லை மாற்றினால் கேட்பவர் அதை மூன்று விஷயமாக எடுத்துக்கொள்வார்.

அடுக்குமொழி பற்றியும் சொல்ல வேண்டும். தமிழக அரசியல் மேடையிலிருந்து நம் மீலாது மேடைக்கு வந்து தங்கிவிட்ட விருந்தாளி அது. எதுகையும் மோனையும் கைதட்டல் வாங்கும், ஆனால் காது ஓசையின் பின்னால் ஓடும்போது பொருள் பின்தங்கிவிடுகிறது. துஆவில் (பிரார்த்தனையில்) அடுக்குமொழியைத் தவிர்க்கும்படி இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் தம் மாணவர் இக்ரிமாவுக்குச் சொன்னது புகாரியில் உண்டு. மக்களுக்கு வாரம் ஒருமுறை பேசு, மிஞ்சினால் இரண்டு, அதிகம் போனால் மூன்று, சலிப்பூட்டாதே என்பதும் அதே அறிவுரையில்தான் வருகிறது. "சத்தமாச் சொல்லுங்க, சுப்ஹானல்லாஹ்" என்று கூட்டத்தைத் தூண்டுவதும் இந்த வகைதான். ஒருமுறை என்றால் உற்சாகம், ஆறாவது முறை டிரில் வகுப்பு.

மீலாது மேடைக்கும் உங்கள் இடத்துக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றிருக்கிறது. மேடைப் பேச்சு பிடிக்காதவர் எழுந்து டீக்கடைக்குப் போகலாம். ஜும்ஆவுக்கு வந்தவர் போக முடியாது. குத்பா நடக்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் "பேசாமல் இரு" என்று சொல்வதுகூட வீண் பேச்சு என்கிறது ஹதீஸ். பயானுக்கு அந்தச் சட்டம் இல்லையென்றாலும் நடைமுறையில் யாரும் வாய் திறப்பதில்லை. பதில் சொல்ல முடியாதவரிடம் பேசுகிறோம் என்ற நினைவு குரலில் இருக்க வேண்டும். வட்டியைப் பற்றிப் பேசும்போது முதல் ஸஃப்பில் இருக்கும் ஒருவர் மேல் பார்வை நிலைத்தால், பெயர் சொல்லாமலேயே ஊருக்குச் சொல்லிவிட்டீர்கள். "சிலருக்கு என்ன ஆயிற்று?" என்று பொதுவாகச் சொல்லித் திருத்துவதுதான் நபியவர்களின் வழக்கம். அந்த இடத்தில் பார்வையை எதிர்ச் சுவருக்கு உயர்த்திவிடுங்கள். கடைசி நிமிடத்தில் ஓடிவரும் இளைஞர்களைத் திட்டுவதும் வேண்டாம். வராதவருக்கு அந்தத் திட்டு கேட்காது, வந்தவர் மட்டும் வாங்கிக்கொண்டு போவார். மாடியிலோ தனிக் கட்டடத்திலோ பெண்கள் இருந்தால் அவர்களுக்கு உங்கள் கை தெரியாது. "இவ்வளவு" என்று விரலால் காட்டாதீர்கள், வாயால் அளவைச் சொல்லுங்கள்.

இனி மைக். கேட்பவரைச் சோர்வாக்குவதில் பாதி இதன் வேலை. ஆம்ப்ளிஃபயரில் எக்கோ என்று ஒரு குமிழ் இருக்கும். பாங்குக்கு (தொழுகை அழைப்புக்கு)க் கம்பீரமாக இருக்கட்டும் என்று, பாங்கு சொல்லும் மோதினார் அதைத் திருப்பி வைத்திருப்பார். அதே அளவில் பயான் பேசினால் ஒவ்வொரு சொல்லின் வாலும் அடுத்த சொல்லின் தலையில் ஏறும். கிரானைட் தரையும் குப்பா என்ற குவிமாடமும் ஏற்கெனவே எதிரொலியைக் கொடுக்கின்றன, அதற்கு மேல் இது எதற்கு? கேட்பவர் ஒவ்வொரு சொல்லையும் ஊகித்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பத்து நிமிடத்தில் களைத்துப் போய்க் கேட்பதை நிறுத்திவிடுகிறார். நாம் அதைத் தூக்கம் என்கிறோம்.

மைக் வாயிலிருந்து அரைச் சாண், அதாவது பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் சற்றுக் கீழே இருக்கட்டும். உதட்டோடு ஒட்டினால் அடித்தொனி பெருத்துக் கும்மென்று ஒலிக்கும், "ப" வரும்போதெல்லாம் காற்று இடிக்கும். குரலை உயர்த்தும் இடத்தில் ஒரு சாணுக்குப் பின்வாங்குங்கள். ஆம்ப்ளிஃபயர் தன் எல்லையைத் தாண்டினால் ஒலி உடைந்து கரகரக்கும், எச்சரிக்கை இரைச்சலாகிவிடும். உள்பள்ளியில் ஒரு பெட்டியும் வெளித் தாழ்வாரத்தில் ஒரு பெட்டியும் இருந்தால் இடையே உட்கார்ந்திருப்பவரை விசாரியுங்கள். ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். இரண்டு பெட்டிகளுக்கும் அவருக்கும் உள்ள தூரத்தில் 17 மீட்டர் வித்தியாசம் வந்தால் ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு தாமதம், அதற்கு மேல் ஒரே சொல் இரண்டு முறை கேட்கும். அப்படியிருந்தால் பெரிய பெட்டி ஒன்றை அலறவிடுவதை விட்டுவிட்டு, சிறிய பெட்டிகளைக் கூட்டத்துக்கு அருகருகே குறைந்த ஒலியில் வைக்கச் சொல்லுங்கள். வியாழன் இரவு காலிப் பள்ளியில் சோதித்துவிட்டு அதுதான் அளவு என்று இருந்துவிடாதீர்கள். ஆள் நிறைந்தால் உடலும் உடையும் ஒலியை உறிஞ்சும், அளவு மாறும்.

இருபத்தைந்து நிமிடத்தைப் பதினைந்தாகக் குறைக்க முடியுமா என்றும் யோசியுங்கள். தொழுகையை நீட்டுவதும் குத்பாவைச் சுருக்குவதும் ஒருவரின் மார்க்க அறிவுக்கு அடையாளம் என்ற ஹதீஸை அம்மார் (ரலி) அறிவிக்கிறார்கள். குத்பாவுக்குச் சொன்னது பயானுக்கும் பொருந்தும். நபியவர்கள் மிம்பரில் வெள்ளிதோறும் ஓதியதைக் கேட்டே குர்ஆனின் காஃப் சூராவை (அத்தியாயத்தை) மனப்பாடம் செய்ததாக உம்மு ஹிஷாம் (ரலி) சொல்கிறார்கள், அதுவும் முஸ்லிமில். அந்த சூராவில் உள்ளவை 45 ஆயத்துகள். வாராவாரம் புதிதாக எதையாவது சொல்லியாக வேண்டும் என்ற பதற்றம் உங்களுக்கு வேண்டாம்.

இந்த வாரமே செய்யக்கூடியது: செல்போனை உங்கள் பக்கத்தில் வைக்காமல் கடைசி ஸஃப்பில் ஒரு தம்பியிடம் கொடுத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். சனிக்கிழமை அதைப் போட்டு, வாக்கியங்களின் கடைசிச் சொற்களை மட்டும் காகிதத்தில் எழுத முயலுங்கள். எத்தனை இடத்தில் பேனா நிற்கிறதோ அத்தனை இடத்தில் மூச்சைத் திருத்த வேண்டும். அடுத்த வெள்ளி மைக்கைத் தொடும் முன் எக்கோ குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்புங்கள். பாங்குக்கு வேண்டுமென்று மோதினார் வருத்தப்பட்டால், குமிழின் ஓரத்தில் இரண்டு துண்டு வெள்ளை டேப் ஒட்டி, ஒன்றில் "பாங்கு", மற்றொன்றில் "பயான்" என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

வஸ்ஸலாம்.