விளக்கு வரைவதற்கு முன் கம்பளத்தில் உட்காருங்கள்

“இரண்டாயிரம் பேர் தொழக்கூடிய பள்ளிவாசல் ஒன்றை இறுதியாண்டு வேலைக்காக வரைகிறேன். ஒளியமைப்பை எங்கிருந்து தொடங்குவது?” என்று கேட்டிருக்கிறீர்கள். குப்பாவிலிருந்து, அதாவது குவிமாடத்திலிருந்து, மட்டும் தொடங்காதீர்கள். எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கி மாட்டிக்கொண்டேன்.

யாழ்ப்பாணத்தில் மின்வேலை செய்கிறவன் நான். அதற்கு முன் ஒன்பது வருடம் அபுதாபியில் கட்டட விளக்குகள் பொருத்தும் வேலை. நல்லூர்க் கோயிலடியில் வளர்ந்தவன். தொழுகை பற்றி அறிந்ததெல்லாம் வேலையிடத்தில் பார்த்தும் கேட்டும் அறிந்ததுதான். ஊர் திரும்பிய பின், நகரிலுள்ள ஒரு பள்ளிவாசலைத் திருத்தியபோது விளக்கு வேலையை என்னிடம் தந்தார்கள்.

கூரையில் நூல் பிடித்த மாதிரி எல்.ஈ.டி விளக்குகளைப் பதித்தேன். தரையில் விழும் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் 150 லக்ஸ் காட்டியது. தொழுகை மண்டபத்துக்கு 100 முதல் 150 வரை போதும் என்பது என் கணக்கு. திருப்தியாகத்தான் இருந்தது. முதல் நாள் இஷா என்ற இரவுத் தொழுகைக்கு மின்விசிறிகளைப் போட்டார்கள். ஒவ்வொரு விளக்குக்கும் கீழே தொங்கிய விசிறியின் இறக்கைகள் வெளிச்சத்தை வெட்டத் தொடங்கின. கம்பளம் முழுவதும் நிழல் படபடத்தது. தொழுகை முடிந்ததும் முதியவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். அவர் முன்னால் மரத் தாங்கியில் குர்ஆன் விரித்திருந்தது. “தம்பி, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்” என்றார். உட்கார்ந்தேன். எழுத்துகளின் மேல் நிழல் ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு நிமிடத்தில் எனக்குக் கண் வலித்தது. அவருக்கு எழுபது வயது.

நான் நின்றுகொண்டு, விசிறியை நிறுத்திவிட்டு அளந்திருக்கிறேன்!

அவரோடு கதைத்தபோது 1990 பற்றிப் பேச்சு வந்தது. அந்த அக்டோபரில் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். அவர் குடும்பம் கையில் கிடைத்ததோடு புத்தளத்துக்குப் போனது. எனக்கு அப்போது பத்து வயது. அதற்குப் பின் பல வருடம் இங்கே மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, திரி போட்ட விளக்கில்தான் படித்தேன். அந்த விளக்கு புத்தகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும். வெளிச்சம் சிறியது, ஆனால் வேண்டிய இடத்தில் இருந்தது. பள்ளிவாசலில் நான் மறந்தது அதைத்தான்.

உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து முக்கால் மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஸஜ்தாவில், அதாவது தொழுகையில் குனிந்து விழும்போது, நெற்றி தரையைத் தொடுகிறது. ஆகவே தூண்களை அழகுகாட்டத் தரையில் புதைக்கும் மேல்நோக்கிய விளக்குகள் உள்ளே வேண்டவே வேண்டாம். தலையை உயர்த்துகிறவரின் கண்ணிலேயே அவை குத்தும். இஸ்தான்புல்லில் 1557 இல் கட்டி முடிந்த சுலைமானியா பள்ளிவாசலைப் படத்தில் பாருங்கள். கட்டியவர் உதுமானியக் கட்டடக் கலைஞர் சினான். குப்பாவின் உச்சி 53 மீற்றர் உயரம். விளக்கு வளையங்களோ நீண்ட கம்பிகளில் இறங்கி, ஆட்களின் தலைக்குச் சற்று மேலே தொங்குகின்றன. (அந்தக் காலத்து எண்ணெய் விளக்குகளின் புகைக்கரியை வாசலுக்கு மேலிருந்த அறையில் சேர்த்து எழுதுமை செய்தார்கள் என்கிறார்கள்.) உங்கள் விசிறிகளுக்கும் இதுவே மருந்து: விளக்கு இறக்கைக்குக் கீழே தொங்கட்டும், அல்லது சுவரிலிருந்து வரட்டும். நான் கடைசியில் கூரை விளக்குகளில் பாதியைக் கழற்றி, சுவரோரம் மறைவாக வைத்துக் கூரையை நோக்கித் திருப்பினேன். வெள்ளைச் சுவரும் கூரையும் வெளிச்சத்தை மென்மையாகத் திருப்பித் தந்தன. குர்ஆன் ஓதும் மூலைக்குத் தனியாக 300 லக்ஸ்.

அடுத்தது வயரிங். மின்வேலைக்காரர்கள் வாசலிலிருந்து மிஹ்ராப் (இமாம் நின்று தொழுவிக்கும் முன்சுவர் மாடம்) வரை நீளவாக்கில் ஒரு ஆளிக்கு (சுவிட்ச்) ஒரு வரிசை விளக்கு இழுப்பார்கள். ஸஃப், அதாவது தொழுகிறவர்களின் வரிசை, நிற்பது குறுக்கே. சாதாரண நாளில் முன்னால் இரண்டு மூன்று ஸஃப்தான் நிறையும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு மண்டபம் முழுவதும். ஆளிகளை ஸஃப் வாரியாகப் பிரித்தால், சுபஹு என்ற விடியற்காலைத் தொழுகைக்கு வரும் இருபது பேருக்காக இரண்டாயிரம் பேரின் விளக்கை எரிக்க வேண்டியதில்லை. பெண்கள் தொழும் பகுதியையும் இதே வரைபடத்தில் வரையுங்கள். மிச்சம் கிடந்த டியூப் லைட் இரண்டை அங்கே மாட்டிவிட்டுப் போகும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை.

பகல் வெளிச்சத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கிப்லா, அதாவது தொழும்போது நோக்கும் மக்காவின் திசை, மேற்கிலிருந்து ஏறக்குறைய 22 பாகை வடக்கே சாய்கிறது. ஜூன் மாதத்துப் பின்னேரச் சூரியனும் கிட்டத்தட்ட அதே திசையில்தான் இறங்குகிறது. கிப்லாச் சுவரில் உயரமான கண்ணாடி யன்னல் வைத்தால், அந்த மாதம் பின்னேரத்து அஸர் தொழுகிறவர்கள் சூரியனைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மிஹ்ராபும் இமாமும் கறுப்பு உருவங்களாகத் தெரிவார்கள். யன்னலைப் பக்கச் சுவருக்கு மாற்றுங்கள், முடியாவிட்டால் ஆழமான மறைப்புப் போடுங்கள்.

குப்பாவுக்கு இப்போது வரலாம். அடிவிளிம்பில் விளக்கை மறைத்து மேல்நோக்கி விடுவது சரியான வழிதான். ஆனால் சுவரை ஒட்டிப் பாயும் ஒளி மேசனின் கரண்டித் தடம் ஒவ்வொன்றையும் காட்டிக்கொடுக்கும். விளக்கைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள், பூச்சு வேலை நடக்கும்போதே ஒரு விளக்கைப் பிடித்துப் பாருங்கள். எல்.ஈ.டிக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர் பெட்டிகளை உச்சியில் வைக்காமல் கை எட்டும் அறைக்குக் கொண்டுவாருங்கள். ஒரு டிரைவர் பழுதானதற்காகச் சாரம் கட்டிய செலவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

வெளிப்புறத்துக்கு எனக்குப் பிடித்தது அபுதாபி ஷேக் ஸாயித் பள்ளிவாசல். 2007 இல் திறந்தார்கள். ஒளியமைப்பு ஸ்பியர்ஸ் அன்ட் மேஜர் நிறுவனத்தினுடையது. பௌர்ணமியில் வெண்மை, பிறை தேயத் தேய நீலம் கூடும். பிறை பார்த்து நாள் எண்ணும் சமூகத்துக்கு இதைவிடப் பொருத்தமான யோசனை வேறு எது? ஆனால் அதை இங்கே நகலெடுக்காதீர்கள். கடலேரிக் காற்றின் உப்பு இரண்டு மாரியில் மலிவான அலுமினிய விளக்குகளைத் தின்றுவிடும். மாரி தொடங்கியதும் பளீரென்ற வெள்ளை விளக்குக்கு ஈசல் மொய்க்கும். காலையில் ஹவுலில், தொழுகைக்கு முன் கைகால் கழுவும் தண்ணீர்த் தொட்டியில், இறகுகள் மிதக்கும். வாசலில் மஞ்சள் சாய்ந்த 2700 கெல்வின் விளக்கைத் தாழ்வாக, ஹவுலிலிருந்து தள்ளி வையுங்கள்.

படம் வரைந்ததும் இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். விளக்குகளுக்கு முன் விசிறிகளின் இடத்தைக் குறித்துவிடுங்கள்.