கையில் காசு இல்லாவிட்டால் செலவு குறையுமா?

கேள்வி: கோத்தகிரியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஆண்டுச் சம்பளம் 12.75 லட்சம். 2025-26 முதல் வருமான வரிப் பிடித்தம் நின்றுவிட்டது. வீட்டுக்காரரின் நண்பர் சொன்னதைக் கேட்டு சிறு நிறுவனப் பங்குகளில் முதலீடு செய்யும் ஸ்மால்கேப் ஃபண்டில் மாதாமாதம் 15,000 ரூபாய் எஸ்.ஐ.பி. போடுகிறேன். கையில் பணம் இல்லாவிட்டால் செலவு தானாகக் குறையும் என்றார். ஆனால் கிரெடிட் கார்டு பாக்கி 1.2 லட்சம் ஆகிவிட்டது. மாதம் 6,000 மட்டும் கட்டுகிறேன். பயமாக இருக்கிறது.

பதில்: நண்பர் சொன்னதற்குப் பொருளாதாரத்தில் பெயரே உண்டு: 'ஸ்டார்வ் த பீஸ்ட்', அதாவது மிருகத்தைப் பட்டினி போடு. வரியைக் குறைத்து வரவை வெட்டினால் அரசு வேறு வழியின்றிச் செலவைச் சுருக்கும் என்ற கணக்கு அது. அமெரிக்காவில் அதிபர் ரீகன் 1981-இல் வரியைப் பெரிதாகக் குறைத்தார். 1982-லேயே சில வரிகளைத் திரும்ப ஏற்ற வேண்டி வந்தது. அவருடைய எட்டு ஆண்டுகளில் அரசின் கடன் ஏறக்குறைய மூன்று மடங்கானது. வரவு குறைந்தாலும் கடன் வாங்க வழி இருந்ததே!

உங்களுக்கு அந்த வழி கார்டு. நீங்கள் அனுப்பிய ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தேன். மேட்டுப்பாளையம் உரக்கடை 18,000. மறுமாதம் அதே கடை 11,500. உங்கள் தம்பியின் தேயிலைத் தோட்டத்துக்குத்தானே? உங்கள் கை காலியானால் அவருடைய செடிக்கு உரம் வேண்டாமென்று ஆகிவிடாது.

வரியில் மிஞ்சியது ஆண்டுக்கு 83,200, மாதம் சுமார் 6,900. எஸ்.ஐ.பி.யோ 15,000. அங்கேயே 8,000 இடிக்கிறது. கார்டு வட்டி மாதம் 3.5% என்று வைத்தால் 4,200, ஜி.எஸ்.டி. சேர்த்து 4,950. நீங்கள் கட்டும் 6,000-இல் அசலுக்குப் போவது ஆயிரம்தான். ஆண்டுக்கு 42% வட்டி கட்டிக்கொண்டு ஸ்மால்கேப்பில் போடுவதை என்னால் ஒப்புக்கொள்ளவே முடியவில்லை. எந்த ஃபண்டும் வருடா வருடம் அவ்வளவு தராது.

எஸ்.ஐ.பி.யை இந்த மாதமே நிறுத்துங்கள். அபராதம் கிடையாது. அந்த 15,000-இல் தம்பிக்கு 3,000 ரொக்கமாகக் கொடுங்கள், மீதி 12,000-ஐ 6,000-உடன் சேர்த்துக் கார்டுக்குக் கட்டுங்கள். எட்டு மாதத்தில் தீரும், அதுவரை கார்டைத் தேய்க்கக் கூடாது. பாக்கி இருக்கும்போது புதிதாக வாங்குவதற்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும்.

தம்பிக்கு அதற்கு மேல் தேவையென்றால் வங்கியில் அவர் பெயரில் நகைக் கடன் வாங்கட்டும். வட்டி கார்டில் கால்வாசிதான் வரும். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த உரம் போடும் பருவத்துக்கு முன்பே, "இனிமே மாசம் மூவாயிரம்தான்டா, கார்டு தர முடியாது" என்று நீங்களே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.