ஜெர்மனியில் முதல் மாதம்: எந்தக் காகிதத்தை முதலில் வாங்குவது?

கேள்வி: அக்டோபரில் தொடங்கும் குளிர்காலப் பருவத்தில் ஜெர்மனியின் ஆஹன் நகரில் முதுகலைப் பொறியியல் படிக்கச் செல்கிறேன். வயது 23. நிரந்தர அறை நவம்பர் முதல் தேதிதான் கிடைக்கும். அதுவரை மாணவர் விடுதியில் இருக்கும் நண்பர் தம் அறையில் தங்கிக்கொள்ளச் சொல்கிறார். வங்கியில் முகவரிப் பதிவைக் கேட்கிறார்கள். முகவரிப் பதிவுக்கு வீட்டு உரிமையாளரின் கடிதம் வேண்டுமாம். விசாவை நீட்டிக்க இவை எல்லாமே வேண்டுமாம். எங்கிருந்து தொடங்குவது? அன்றாட வாழ்க்கையில் எவற்றில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: முகவரியிலிருந்து தொடங்குங்கள். ஜெர்மனியில் ஒரு மாணவரின் முதல் மாதத்தை முடிவு செய்வது, அவர் சட்டப்படி பதிவு செய்துகொள்ளக்கூடிய முகவரியும், அந்த முகவரிக்கு வரும் தபாலுமே. மற்ற வேலைகளில் பெரும்பாலானவை அந்த இரண்டும் அமைந்த பின்னரே நகரும்.

ஒரு வீட்டில் குடியேறிய இரண்டு வாரங்களுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்று அங்குள்ள பதிவுச் சட்டம் சொல்கிறது. மாணவர்கள் பேச்சில் இதற்கு ‘ஆன்மெல்டுங்’ என்று பெயர். இதற்குக் கடவுச்சீட்டுடன், நீங்கள் அந்த வீட்டில் குடியேறியதை உறுதிசெய்து வீட்டைத் தந்தவர் கையெழுத்திட்ட படிவமும் தேவை. வாடகை ஒப்பந்தத்தை மட்டும் நீட்டினால் போதாது. வீட்டைத் தந்தவர் என்பவர் உரிமையாளராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. முறையான அனுமதியுடன் உள்வாடகைக்கு விடும் முதன்மைக் குடித்தனக்காரரும் அந்தப் படிவத்தில் கையெழுத்திடலாம்.

உங்கள் நண்பரின் அறையில் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. விடுதிகள் விருந்தினரைச் சில நாட்கள் தங்க விட்டாலும், அவர் பெயரை அந்த அறையில் பதிவு செய்யப் பொதுவாக ஒப்புவதில்லை. நண்பர் வாய்ச்சொல்லாகச் சம்மதிப்பதை நம்பாமல், விடுதி நிர்வாகத்துக்கு அவரையே இப்போதே மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள். மறுப்பு வந்தால் உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு: அக்டோபர் மாதத்துக்கு மட்டும், முகவரிப் பதிவுக்கு இடம் தரும் தற்காலிக உள்வாடகை அறையைத் தேடலாம், அல்லது நவம்பரில் குடியேறியதும் பதிவு செய்துகொள்ளும்படி மற்ற ஏற்பாடுகளை ஒரு மாதம் தள்ளி வைத்து, அதற்கான பணத்தைக் கையில் வைத்திருக்கலாம். அறைகளுக்குத் தட்டுப்பாடு உள்ள ஊர்களில் முதல் வழி எளிதன்று. ஆகவே நான் இரண்டாவதற்கும் சேர்த்தே தயாராகச் சொல்வேன். குடியிருக்காத வீட்டின் முகவரியைக் காசுக்கு வாங்கிப் பதிவு செய்வதை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். பொய்யாக முகவரி தருபவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அதில் சிக்கும் மாணவரின் குடியேற்றக் கோப்பும் கெடும்.

அறை தேடும்போது, பார்ப்பதற்கு முன்பே முன்பணம் அனுப்பச் சொல்லி, சாவியைத் தபாலில் அனுப்புவதாகக் கூறுபவர் மோசடிக்காரர் என்றே கொள்ளுங்கள். முன்பணம் சட்டப்படி மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் போகக் கூடாது. வெப்பமூட்டல், தண்ணீர் போன்ற செலவுகள் அந்தக் கணக்கில் சேரா. அதை மூன்று மாதத் தவணைகளில் செலுத்தவும் உங்களுக்கு உரிமை உண்டு. இதைப் பல வீட்டுக்காரர்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு மாதத் தவணையாக மட்டும் எடுக்கக்கூடிய பிளாக்டு அக்கவுண்டில் 2024 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள கணக்கின்படி ஆண்டுக்கு 11,904 யூரோ போட்டிருப்பீர்கள். அதிலிருந்து மாதம் 992 யூரோ கிடைக்கும். ஆனால் அந்தத் தொகை விமானத்தை விட்டு இறங்கியதும் கைக்கு வருவதில்லை. ஜெர்மனியில் நடப்புக் கணக்கைத் தொடங்கி அதன் எண்ணைக் கொடுத்த பின்னரே வரத் தொடங்கும். நடப்புக் கணக்குக்கோ பெரும்பாலான வங்கிகள் முகவரிப் பதிவைக் கேட்கும். ஆகவே வாடகை, முன்பணம், பல்கலைக்கழகத்தின் பருவக் கட்டணம், சாப்பாடு ஆகியவற்றுக்கு இரண்டு மாதங்களுக்குப் போதுமான பணத்தைத் தனியே வைத்துக்கொண்டு புறப்படுங்கள். முதல் வாரங்களில் நண்பர்களிடம் கைமாற்று வாங்கித் திண்டாடும் மாணவர்களில் பலர் பணமே இல்லாதவர்கள் அல்லர். தம் பணத்தை எடுக்க வழியில்லாதவர்கள். கணக்குத் தொடங்க வங்கி தயங்கினால், ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி தங்கியிருக்கும் எவருக்கும் அடிப்படைக் கணக்கு பெறும் உரிமை 2016 முதல் ஜெர்மன் சட்டத்தில் இருப்பதைச் சொல்லிக் கேளுங்கள்.

மருத்துவக் காப்பீட்டை மட்டும் முகவரிக்காகக் காத்திருக்காமல் முன்பே முடித்துவிடலாம், முடிக்கவும் வேண்டும். அது உறுதியாகாமல் பல்கலைக்கழகம் உங்கள் சேர்க்கையை நிறைவு செய்யாது. முப்பது வயதுக்கு உட்பட்டவர் என்பதால் அரசு முறைக் காப்பீட்டின் மாணவர் கட்டணம் உங்களுக்குப் பொருந்தும். கட்டணம் குறைவு என்று தனியார் காப்பீட்டுக்குப் போக விரும்பினால் அரசு முறையிலிருந்து விலக்கு வாங்க வேண்டும். அந்த விலக்கைப் படிப்பு முடியும் வரை திரும்பப் பெற முடியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே பெரும்பாலான மாணவர்களுக்கு அரசு முறையைப் பரிந்துரைக்கிறேன். இந்தியாவில் வாங்கும் பயணக் காப்பீடு விசாவுக்கும் பயண நாட்களுக்கும் உதவும். பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு உதவாது.

அறை கிடைத்த அன்றே தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டிவிடுங்கள். பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். வங்கி அட்டையின் ரகசிய எண், காப்பீட்டு அட்டை, 11 இலக்க வரி அடையாள எண் எல்லாம் கடிதமாகவே வருபவை. முகவரியைப் பதிவு செய்த சில வாரங்களில் பொது ஒலிபரப்புக் கட்டணம் கேட்டும் ஒரு கடிதம் வரும். வீட்டில் தொலைக்காட்சி இல்லை என்று அதைக் கிழித்தெறிபவர்கள் பின்னர் நிலுவை முழுவதையும் கட்ட நேர்கிறது. வீடு ஒன்றுக்கு மாதம் 18.36 யூரோ என்பதால், பலர் சேர்ந்து வாழும் வீட்டில் ஒருவர் கட்டினால் போதும். ஏற்கெனவே கட்டுபவரின் எண்ணைக் கேட்டு வாங்கிப் பதில் எழுதிவிடுங்கள்.

வீட்டுக்குள் நம்மவர்களுக்கு அதிகம் செலவு வைப்பது ஈரம். குளிர்காலத்தில் சன்னலை இறுக மூடிச் சமைத்து, குளித்து, துணியையும் அறைக்குள்ளேயே உலர்த்தினால், காற்றில் சேரும் ஈரம் குளிர்ந்த சுவரில் நீராகப் படிந்து பூஞ்சணம் பிடிக்கும். வீட்டைக் காலி செய்யும்போது அதைச் சரிசெய்யும் செலவு முன்பணத்தில் கழியும். சன்னலைச் சற்றே சாய்த்து நாள் முழுதும் விட்டுவைப்பது தீர்வாகாது, சுவர்தான் மேலும் குளிரும். வெப்பமூட்டியைக் குறைத்துவிட்டு, சன்னல்களை அகலத் திறந்து, ஐந்து முதல் பத்து நிமிடம் காற்றோட விட்டு மூட வேண்டும். இதை நாளுக்கு மூன்று முறையாவது செய்யுங்கள். வெளியே உறைகுளிராக இருந்தாலும் இதை விடக் கூடாது. குளிர்ந்த காற்றில் ஈரம் குறைவாகவே இருக்கும் என்பதால் அப்போதுதான் இது நன்றாகப் பலன் தரும்.

தாளிப்பதிலும் கவனம் தேவை. வீடுகளில் புகையுணரி கட்டாயம். கடுகும் மிளகாயும் கிளப்பும் புகையை வெளியேற்ற அறைக் கதவைத் திறந்துவிடுவது நம் வழக்கம். அங்கே அப்படிச் செய்தால் நடைக்கூடத்துப் புகையுணரிதான் முதலில் அலறும். கதவைச் சாத்திச் சன்னலைத் திறங்கள். அடுப்பு பெரும்பாலும் தட்டையான கண்ணாடிப் பரப்பாக இருக்கும். அடிப்பாகம் உருண்ட வாணலி அதில் நிற்காது, இண்டக்‌ஷன் அடுப்பானால் அலுமினியக் குக்கர் சூடேறவே சூடேறாது. அதற்கேற்ற தட்டையடி எவர்சில்வர் குக்கர் ஒன்றை எடுத்துச் செல்வது நல்லது.

ஞாயிற்றுக்கிழமை மளிகைக் கடைகள் மூடியிருக்கும் என்பதால் சனிக்கிழமையே சாமான் வாங்கிவிடுங்கள். இரவு பத்து மணிக்கு மேலும் ஞாயிறு முழுவதும் சத்தம் கூடாது. துணி துவைக்கும் இயந்திரம்கூடச் சண்டைக்குக் காரணமாகும். ஒருமுறை பயன்படும் பாட்டில்களுக்கும் டின்களுக்கும் விலையோடு சேர்த்து வாங்கப்படும் 25 சென்ட், கடையில் உள்ள இயந்திரத்தில் அவற்றைத் திருப்பிப் போட்டால் கிடைத்துவிடும்.

பகுதிநேர வேலையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் ஒரு வார்த்தை. 2024 மார்ச் முதல் வெளிநாட்டு மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை செய்யலாம். பல்கலைக்கழகத்திலேயே செய்யும் மாணவர் உதவியாளர் பணி இந்தக் கணக்கில் சேராது. சம்பள ஒப்பந்தம் இன்றிச் சுயதொழிலாகச் செய்யும் வேலைக்குத் தனி அனுமதி தேவை. ஆனால் முதல் பருவத்தில் வேலையைக் குறைத்துக்கொள்ளச் சொல்வதே என் வழக்கம். அங்கே வகுப்புக்குப் போனால் மட்டும் தேர்வு எழுத முடியாது; தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், அதற்குக் கெடு உண்டு. புதிய மாணவர்கள் தவறவிடுவது பெரும்பாலும் அந்தக் கெடுவைத்தான்.

டிசம்பரில் ஆஹனில் காலை எட்டரைக்குத்தான் சூரியன் உதிக்கும். மாலை நாலரைக்கே மறைந்துவிடும். அந்த வாரங்களில் மனம் சோர்வது பலருக்கும் நேர்வது. பகல் வெளிச்சம் இருக்கும்போதே வெளியே நடந்துவிட்டு வருவதும், மதியச் சாப்பாட்டைப் பல்கலைக்கழக உணவகத்தில் வகுப்புத் தோழர்களோடு சாப்பிடுவதும், அறைக்குள் அடைந்திருந்து வீட்டாரோடு மணிக்கணக்கில் பேசுவதைவிட நல்ல மருந்து. அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே போய், இந்தியாவோடு நேர வித்தியாசம் நாலரை மணி நேரமாகும். அங்கே மாலை ஆறு என்றால் வீட்டில் இரவு பத்தரை. அம்மாவோடு பேசும் நேரத்தை அதற்கேற்ப முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

விசாவைப் பொறுத்தவரை, கடவுச்சீட்டில் ஒட்டியிருக்கும் நுழைவு விசா பெரும்பாலும் சில மாதங்களுக்கே செல்லும். அது காலாவதியாவதற்குள் வெளிநாட்டவர் அலுவலகத்தில் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பித்துவிட்டால், முடிவு தெரியும் வரை பழைய அனுமதி அதன் உரிமைகளோடு தொடர்வதாகச் சட்டம் கருதும். ஒரு நாள் பிந்தினாலும் இந்தப் பாதுகாப்பை நம்பியிருக்க முடியாது. நேரில் சந்திக்கும் தேதி கிடைக்க வாரக்கணக்கில் ஆகும். ஆகவே முகவரிப் பதிவு, காப்பீடு, சேர்க்கைச் சான்று, வங்கிக் கணக்கு ஆகியவை கைக்கு வந்த உடனே, நீங்கள் சொல்லும் கணக்குப்படி நவம்பர் நடுவிலேயே, விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு, அது கிடைத்ததாக அலுவலகம் அனுப்பும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.