கேள்வி பதில்: எம்பரரின் முதல் ஆல்பமும் சிம்ஃபோனிக் பிளாக் மெட்டலும்

நார்வேயின் எம்பரர் குழு 1993 ஜூலையில் பெர்கன் நகரின் கிரீக்ஹாலனில் பதிவு செய்த ஆல்பம் 'இன் த நைட்சைட் எக்லிப்ஸ்'. அதைப் பற்றியும், அது திறந்துவிட்ட சிம்ஃபோனிக் பிளாக் மெட்டல் (அலறல் குரலும் அதிவேக கிதாரும் கொண்ட பிளாக் மெட்டலோடு ஆர்கெஸ்ட்ரா போன்ற ஒலியைச் சேர்க்கும் வகை) பற்றியும் கேள்விகள் கேட்கச் சொல்லியிருந்தேன். எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஹெட்போனில் ஒலியளவைக் குறைத்துவைத்துக் கேளுங்கள்.

கேள்வி (சென்னை, கீபோர்டு வாசிப்பவர்): இந்த ஆல்பத்தில் கீபோர்டு என்னதான் செய்கிறது? எனக்குப் பின்னால் ஒரே மூட்டமாகக் கேட்கிறது.

அந்த மூட்டத்துக்குள்தான் எல்லாம் நடக்கிறது. முதலில் அது ஏன் வருகிறது என்று பார்ப்போம். கிதார் ஒரே நரம்பைப் படபடவென்று இடைவிடாமல் மீட்டுகிறது. அதன் மேல் டிஸ்டார்ஷன் என்ற கரகரப்பு ஏறியதும் ஒவ்வொரு மீட்டும் தனித்தனியாகக் கேட்காமல் நீண்ட ஓசையாகிவிடுகிறது. கீபோர்டின் ஸ்ட்ரிங்ஸ் ஒலியும் நீண்ட ஓசைதான், அதே சுருதி எல்லைக்குள் இருப்பதுதான். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று படிகின்றன. போதாததற்கு சிம்பல் மேல்பக்கம் முழுவதையும் நிரப்பிவிடுகிறது.

இப்போது டிரம்ஸை விட்டுவிட்டு கார்டு (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரங்கள்) மாறும் இடங்களை மட்டும் கவனியுங்கள். பிளாஸ்ட் பீட் என்ற அதிவேக டிரம்ஸ் அடி தலைதெறிக்க ஓடுகிறது, ஆனால் கீபோர்டு கார்டு நிதானமாக, சில தாளச் சுற்றுகளுக்கு ஒருமுறைதான் நகர்கிறது. அதனால் காதுக்கு இரண்டு வேகங்கள் கிடைக்கின்றன. மேலே புயல், அடியில் மெதுவாகத் திரும்பும் மைனர் கார்டுகள். வேகமான இசை பிரம்மாண்டமாகத் தோன்றுவது இதனால்தான். கீபோர்டை எடுத்துவிட்டால் ரிஃப் (கிதார் திரும்பத் திரும்ப வாசிக்கும் துணுக்கு) மிஞ்சும், அந்த விரிவு போய்விடும்.

வாசித்தது இசான். குரலும் அவர்தான், கிதாரில் பாதியும் அவர்தான். பதிவின்போது அவருக்கு வயது 17. ரிஃப் போட்டவரே கார்டையும் வைத்ததால் இரண்டும் ஒரே கையெழுத்தில் இருக்கின்றன. இந்த விஷயம் கீழே மறுபடியும் வரும்.

குறைந்த பிட்ரேட் எம்பி3யில் கேட்டுவிட்டு மூட்டம் என்று முடிவு கட்டாதீர்கள். சிம்பல் ஒலிதான் அதில் முதலில் கெடும்.

கேள்வி (திருப்பூர்): இந்த மாதிரி இசையைச் சத்தமாக வைத்தால்தானே உள்ளே இருப்பது கேட்கும்?

கேட்காது. சத்தத்தை ஏற்றினால் மூட்டமும் சேர்ந்து ஏறும். 85 டெசிபல் என்றால் நாளுக்கு 8 மணி நேரம் என்பது தொழிலிடங்களுக்குப் பரவலாகச் சொல்லப்படும் வரம்பு. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான், இந்த ஆல்பத்தின் இரண்டு பாட்டுக்கே அது சரியாகப் போய்விடும். காதுக்குள் ஒலியை உணரும் மயிர்ச் செல்கள் ஒருமுறை செத்தால் திரும்ப முளைப்பதில்லை. நடு அளவில் வையுங்கள், மூன்று நான்கு முறை கேளுங்கள். தானாகவே பிரிந்து கேட்கும்.

கேள்வி (கோவை, கல்லூரி மாணவர்): செர்பியாவில் இந்த வகையில் குழுக்கள் உண்டா? நார்வே, ஸ்வீடன் பெயர்களே எப்போதும் வருகின்றன.

நல்ல கேள்வி தம்பி. உண்டு. நோவி சாட் நகரின் ட்ரையம்ஃபால் 2009இல் 'ஆன்டிதீசிஸ் ஆஃப் ஆல் ஃப்ளெஷ்' என்ற ஆல்பத்தை வெளியிட்டது. வெளியிட்ட நிறுவனம் நார்வேயின் கோர்கொராத் குழுவின் இன்ஃபெர்னஸ் நடத்தியது. பெல்கிரேடில் நூமெனார் இருக்கிறது. பெயர் டோல்கீனின் கடலில் மூழ்கிய தீவிலிருந்து வந்தது, பிளாக் மெட்டல் குரலோடு, பவர் மெட்டல் என்ற இன்னொரு மெட்டல் வகையின் மெலடியைக் கலப்பார்கள். அதே ஊரின் தி ஸ்டோன் செர்பிய மொழியிலேயே பாடுகிறது. ஆனால் அது கிதாரை நம்பும் குழு, கீபோர்டுப் பிரம்மாண்டத்தை அங்கே தேட வேண்டாம்.

இந்தப் பெயர்கள் ஏன் தாமதமாக நம் காதுக்கு வந்தன என்றும் யோசிக்க வேண்டும். 1992 மே மாதம், செர்பியா அப்போது அடங்கியிருந்த யூகோஸ்லாவியா மீது ஐ.நா. பொருளாதாரத் தடை விதித்தது. எம்பரர் கிரீக்ஹாலனில் பதிவு செய்த அதே 1993இல் அந்நாட்டு நாணயமான டினாரின் மதிப்பு கரைந்துகொண்டிருந்தது. அந்த டிசம்பரில் 50,000 கோடி டினார் நோட்டையே அச்சிட்டார்கள். 1994 ஜனவரியில் ஒரே மாதத்தின் பணவீக்கம் 31.3 கோடி சதவீதம். சம்பளம் கையில் வாங்கி கடைக்குப் போவதற்குள் விலை ஏறிவிடும் காலம் அது. அப்புறம் 1999இல் நேட்டோ குண்டுவீச்சு, அதில் நோவி சாட்டின் மூன்று டான்யூப் பாலங்களும் விழுந்தன. சிம்ஃபோனிக் வகைக்கு நல்ல கீபோர்டு வேண்டும், ஸ்டுடியோவில் பல நாள் வேண்டும், வெளிநாட்டு நிறுவனத்துக்கு டேப் போய்ச் சேர வேண்டும். அந்தப் பத்தாண்டில் இவை எல்லாமே அங்கே கடினம். அதையும் மீறி அந்த ஊரிலிருந்து ஒரு குழு 2009இல் இப்படி ஓர் ஆல்பத்தோடு வந்து நிற்கிறது என்றால் எனக்கு மதிப்பு கூடத்தான் செய்கிறது. நார்வேக்காரர்களின் நகல் என்று கேட்காமலே தள்ளிவிடாதீர்கள்.

கேள்வி (வேலூர்): எம்பரர் குழுவினர் உண்மையிலேயே சாத்தானை வழிபட்டவர்களா? கொலை செய்தார்களா?

சாத்தான் விஷயம் ஆளுக்கு ஆள் மாறும். குற்றங்கள் நிஜம். டிரம்மர் ஃபவுஸ்ட் 1992 ஆகஸ்டில் லில்லெஹாமரில் ஒரு மனிதரைக் குத்திக் கொன்றார். அதற்கு அடுத்த வருடம், பிடிபடும் முன்பு, இந்த ஆல்பத்தில் வாசித்தார். பிறகு 14 ஆண்டு சிறைத்தண்டனை. கிதார் வாசித்த சமோத் தேவாலயத்தை எரித்ததற்காகச் சிறை சென்றார். இதைச் சாகசக் கதையாகச் சொல்லித் திரியாதீர்கள். கொல்லப்பட்டவருக்கும் ஒரு குடும்பம் இருந்தது. இது தெரிந்தபின் ஆல்பத்தைக் கேட்க மனம் வரவில்லை என்றால் அதுவும் நியாயமே.

கேள்வி (மதுரை): எம்பரரின் வயலின் எல்லாம் பிளாஸ்டிக். நார்வேயின் இன்னொரு குழுவான டிம்மு போர்கிர் நிஜ ஆர்கெஸ்ட்ராவையே கூட்டி வந்தார்கள். அதுதானே உண்மையான சிம்ஃபோனிக்?

டிம்மு போர்கிர் 2001இல் கோதன்பர்க் ஓபரா ஆர்கெஸ்ட்ராவையும், 2003இல் ப்ராக் ஃபில்ஹார்மோனிக்கையும் சேர்த்தார்கள். அதே 2003இல் இங்கிலாந்தின் கிரேடில் ஆஃப் ஃபில்த் குழு புடாபெஸ்ட் ஃபிலிம் ஆர்கெஸ்ட்ராவோடு வந்தது. ஒலி பெரிதாயிற்று, மறுக்கவில்லை. ஆனால் பல இடங்களில் ஆர்கெஸ்ட்ரா ஒருபக்கம், குழு ஒருபக்கம் என்று மாறி மாறி நிற்கிறது. எம்பரரின் கீபோர்டு அப்படிப் பிரிந்து நிற்பதில்லை.

கேள்வி (புதுச்சேரி): சாத்தான் வழிபாடு உண்டா?

வேலூர் நண்பருக்கான பதிலைப் பாருங்கள்.

மதுரை நண்பர் மறுபடியும்: கீபோர்டில் விரலை வைத்து அழுத்தினால் யாருக்கும் ஸ்ட்ரிங்ஸ் வரும். அறுபது பேர் வில்லைப் போட்டு வாசிப்பதை அதற்குச் சமமாக்குகிறீர்களே!

சமமாக்கவில்லை. யார் எழுதினார்கள் என்று கேட்கிறேன். டிம்மு போர்கிருக்கு ஆர்கெஸ்ட்ரா பகுதிகளை அமைத்துக் கொடுத்தவர் காவ்டே ஸ்டோராஸ். திறமைசாலி, வேலை சுத்தம். ஆனால் பாட்டின் எலும்பு ஓரிடத்தில் பிறக்கிறது, ஆர்கெஸ்ட்ரா இன்னொரு மேசையில் சேர்கிறது. அந்த ஒட்டு என் காதுக்குத் தெரிகிறது.

தஞ்சாவூர், வயலின் வாசிப்பவர்: குறுக்கிடுகிறேன், மன்னிக்கவும். 'ஹே ராம்', 'திருவாசகம்' இரண்டுக்கும் இளையராஜா புடாபெஸ்டில்தான் பதிவு செய்தார். அங்கே எந்த ஒட்டும் தெரியவில்லையே?

ஐயா, நான் சொல்வதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. அவர் ஸ்வரக் குறிப்பைத் தானே எழுதுகிறவர். இந்த வயலின் எங்கே ஏற வேண்டும், செல்லோ எங்கே விலக வேண்டும் என்பது மெட்டோடு சேர்ந்தே அவருக்கு வருகிறது. புடாபெஸ்ட் வாசித்தது, அவ்வளவுதான்.

பிளாக் மெட்டலைச் சுற்றியுள்ள உலகிலும் இதற்கு உதாரணம் உண்டு. கிரீஸின் செப்டிக்ஃப்ளெஷ் குழுவில் கிதார் வாசிக்கும் கிறிஸ்டோஸ் அன்டோனியூ முறையாக இசையமைப்பு படித்தவர். 2008இன் 'கம்யூனியன்' ஆல்பத்துக்கு ப்ராக் ஆர்கெஸ்ட்ரா வாசிக்க, எழுதியது அவர். குழுவும் ஆர்கெஸ்ட்ராவும் ஒரே மிருகமாக நகர்வதை அதில் கேட்கலாம்.

மதுரை நண்பர்: அப்படியானால் நிஜ ஆர்கெஸ்ட்ராவே மேல் என்று ஒப்புக்கொள்கிறீர்கள்.

ரிஃப் எழுதும் கையே அதையும் எழுதினால், ஆம், மேல். இல்லாவிட்டால் 17 வயதுப் பையனின் கீபோர்டைத்தான் எடுப்பேன். 'கம்யூனியன்' கேட்டுவிட்டு வாருங்கள், தொடரலாம். ஒலியளவைக் குறைத்து.

கேள்வி (சேலம்): பாடுவது ஒரு வார்த்தையும் புரியவில்லை.

வரிகளை வாசித்துக்கொண்டே கேளுங்கள். குரலையும் ஒரு வாத்தியமாக எடுத்துக்கொண்டால் சிரமம் குறையும்.

கேள்வி (திருநெல்வேலி): அட்டைப்படம் யார் வரைந்தது?

ஸ்வீடன் ஓவியர் கிறிஸ்டியன் வோலின். நெக்ரோலார்ட் என்ற பெயரில் வரைவார். டிசெக்ஷன் குழுவின் 1995 ஆல்பத்தின் நீல அட்டையும் அவருடையதே.

கேள்வி (ஈரோடு): இவர்கள் சாத்தான் பக்தர்கள் என்று கேள்விப்பட்டேன், உண்மையா?

இத்தோடு மூன்றாவது முறை. மேலே இருக்கிறது, தயவுசெய்து படியுங்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): முற்றிலும் புதியவன் நான். எந்த வரிசையில் கேட்கலாம்?

டிம்மு போர்கிரின் 1997 ஆல்பம் 'என்த்ரோன் டார்க்னஸ் ட்ரையம்ஃபன்ட்' முதலில். பீட்டர் டேக்ரனின் ஸ்டுடியோவில் பதிவானது, ஒலி தெளிவு, கீபோர்டு முன்னால் நிற்கும். அடுத்து எம்பரரின் 'ஆன்தம்ஸ் டு த வெல்கின் அட் டஸ்க்', அதுவும் 1997தான். அதன் பிறகு இந்த முதல் ஆல்பத்துக்கு வாருங்கள். ட்ரையம்ஃபாலை அடுத்துக் கேட்டால் நோவி சாட்காரர்கள் எதை எடுத்துக்கொண்டார்கள், எதை விட்டார்கள் என்பது விளங்கும்.

கேள்வி (திருச்சி): பிளாஸ்ட் பீட் வாசிக்கக் கற்றுக்கொள்வது எப்படி?

என் துறை இல்லை. டிரம்ஸ் ஆசிரியரிடம் போங்கள், தாள வேகத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் இல்லாமல் தொடங்காதீர்கள். காதடைப்பான் வாங்கிய பிறகு டிரம்ஸ் முன்னால் உட்காருங்கள்.