“அதை விடுங்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள்

அன்புள்ள மேடம்,

என் மகனுக்கு ஆறரை வயது. ஒன்றாம் வகுப்பு படிக்கிறான். ஒரு நாள்கூட எனக்கு நிம்மதியாக விடிவதில்லை. பக்கத்துப் பையனைப் பென்சிலால் குத்திவிட்டான் என்று போன வாரம் பள்ளியில் கூப்பிட்டு அனுப்பினார்கள். அதற்கு முந்தின வாரம் தண்ணீர் பாட்டிலை வீசியிருக்கிறான். மற்ற அம்மாக்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்க, என்னை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டுப் பேசுகிறார்கள். இப்படியே போனால் டிசி வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார் மிஸ். இப்போதே இப்படி என்றால் பெரியவனானால் என்ன ஆவான்?

கணவர் லாரி டிரைவர். லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் திரும்ப 20 நாள் ஆகும். வந்து 2 நாள் இருப்பார். அந்த 2 நாளும் பையன் தங்கம்தான், கேட்டதெல்லாம் கிடைக்குமே! “நீதான் எந்நேரமும் அதட்டுகிறாய்” என்று எனக்குத்தான் திட்டு. அவருக்கு என்ன தெரியும்? நாலரை மணிக்கு வேன் சத்தம் கேட்டாலே எனக்குப் படபடவென்று வருகிறது. ஷூவைக் கழற்றச் சொன்னால் எட்டி உதைப்பான். டிபன் பாக்ஸ் பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வரும். டிவியை நிறுத்தினால் தரையில் புரண்டு தலையை மோதிக்கொள்வான். போன செவ்வாய்க்கிழமை தோசைத் திருப்பியை அடுப்பில் காயவைத்துக் காட்டினேன். வைக்கவில்லை, காட்டினேன். அப்புறம்தான் அடங்கினான். இப்போதே இப்படி.

அத்தை உதவிக்கு வரமாட்டார். “அப்படியே தாய்மாமனை உரிச்சு வெச்சிருக்கான்” என்று மட்டும் சொல்வார். என் தம்பியையும் நான்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தேன், 4 வருடமாக அவன் எங்கே இருக்கிறான் என்றே தெரியவில்லை, அதை விடுங்கள். எனக்குப் பிரச்சினை இவனும் இவன் பள்ளியும்தான். இத்தனை ஆட்டம் ஆடிவிட்டு ராத்திரி என் முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தூங்குகிறான். எல்லாம் நடிப்பு. இப்போதே இப்படி நடித்தால்? மாத்திரை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

- ஓர் அம்மா, நாமக்கல் மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

தம்பியைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதிவிட்டு, அதை விடுங்கள் என்று சொல்லிவிட்டீர்கள். என்னால் விட முடியவில்லை. “இப்போதே இப்படி” என்று 3 இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். பென்சிலால் குத்தியதும் ஷூவோடு உதைத்ததும் ஆறரை வயதுப் பையன். ஆனால் உங்கள் கண்ணுக்குத் தெரிவது வேறொருவர் என்று நினைக்கிறேன். ஒருநாள் வீட்டை விட்டுப் போன அந்த வாலிபர்.

உங்கள் இடுப்பில் அவர் இருந்தபோது உங்களுக்கு என்ன வயது? ஒன்பதா, பத்தா? நீங்களே பாவாடை சட்டை போட்ட குழந்தை. அம்மா வேலைக்குப் போன வீட்டில் அக்காக்கள் செய்வதை நீங்களும் செய்தீர்கள், அவ்வளவுதான். தம்பி தடம் மாறியதற்கு அந்தச் சிறுமி பொறுப்பில்லை. ஆனால் நீங்கள் இத்தனை வருடமும் அந்தப் பழியைத் தலையில் தூக்கிக்கொண்டு நடக்கிறீர்கள். ஒரு பிள்ளையை வளர்த்துக் கெடுத்துவிட்டேன், இவனையும் கெடுத்துவிடுவேனோ என்ற பயம்தான் நாலரை மணிக்கு வேன் சத்தத்தோடு வந்து இறங்குகிறது. பள்ளியில் எல்லார் முன்னாலும் கூப்பிட்டுப் பேசும்போது உங்களுக்கு அத்தனை வலிப்பதும் இதனால்தான். அவர்கள் சொல்வது பென்சிலைப் பற்றி. உங்கள் காதில் விழுவது பழைய தீர்ப்பு.

சுபாவம் குடும்பத்தில் வருமா என்றால், வரும். துறுதுறுப்பும் சட்டென்று கொதிக்கும் குணமும் மாமனிடமிருந்து மருமகனுக்கு வரலாம், அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் குணம்தான் வரும், தலைவிதி வராது. இதை உங்கள் அத்தைக்கும் யாராவது சொல்ல வேண்டும், முக்கியமாகப் பையன் காதில் விழும்படி அவர் பேசக்கூடாது. இந்த ஒரு வேலையைக் கணவரிடம் கொடுங்கள். 2 நாள் இருந்தாலும் தன் அம்மாவிடம் பேச 10 நிமிடம் கிடைக்கும்.

இரண்டு விஷயத்தில் நான் உங்கள் பக்கம் இல்லை. ஒன்று, அந்தத் தோசைத் திருப்பி. வைக்கவில்லை, காட்டினேன் என்கிறீர்கள். காட்டியதும் அவன் அடங்கவில்லை அம்மா, உறைந்துபோனான். நல்ல புத்தி வந்து அடங்குவதும் பயத்தில் அடங்குவதும் வெளியே பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். அது இன்றோடு நிற்கட்டும். இரண்டாவது, நடிப்பு என்ற சொல். பகலெல்லாம் சண்டை போட்ட பிள்ளை, ராத்திரி நீங்கள் எழுந்து போய்விடாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறான். அதில் என்ன நடிப்பைக் கண்டீர்கள்?

மாத்திரை கேட்டீர்கள். உங்கள் மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவுக்கு ஒருமுறை அழைத்துப் போங்கள். காதையும் தூக்கத்தையும் பற்றியும் கேளுங்கள், சரியாகக் காது கேட்காத பிள்ளைக்கும் அடங்காதவன் என்று பெயர் வைத்துவிடுவார்கள். அதீதத் துறுதுறுப்பும் கவனக் குறைபாடும் சேர்ந்த ஏடிஎச்டியா என்று அவர்கள்தான் சொல்ல முடியும். அதற்கு வீடு, பள்ளி என இரண்டு இடத்திலும் 6 மாதத்துக்குக் குறையாமல் அறிகுறி இருக்க வேண்டும். நீங்களோ, நானோ, மிஸ்ஸோ ஒரு கடிதத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. டிசி மிரட்டலுக்கும் பயப்படாதீர்கள். 2009 கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை வெளியேற்றக் கூடாது என்கிறது. மிஸ்ஸிடம் சண்டைக்குப் போகாமல், குத்துவதற்கு 5 நிமிடம் முன்னால் என்ன நடந்தது என்று மட்டும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

அப்புறம், நாலரை மணிக்கு ஷூவை விட்டுவிடுங்கள். மதியம் சரியாகச் சாப்பிடாத பிள்ளை பசியோடு வருகிறான். ஷூவோடே உட்காரட்டும், முதலில் தட்டில் ஏதாவது வையுங்கள். டிவியை நிறுத்தினால் முதல் சில நாள் ஆட்டம் கூடும், குறையாது. நீங்கள் செய்வது தப்பு என்பதால் அல்ல, முன்பு பலித்த வித்தையை இன்னும் உரக்கச் செய்து பார்ப்பான். கை ஓங்கும் அளவுக்குக் கோபம் வரும் ராத்திரிகளில் 14416-க்குப் போன் செய்யுங்கள். அரசின் இலவச மனநல எண், தமிழில் பேசலாம்.

தம்பி விஷயத்தில் ஒன்று கேட்கிறேன். காணவில்லை என்று காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா? 4 வருடம் ஆனாலும் கொடுக்கலாம். அவருடைய பழைய போட்டோ ஒன்று வீட்டில் இருக்கும், உங்கள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.