சுவரொட்டியில் ஒன்று, ஒப்பந்தத்தில் ஒன்று

ஓடுதளம்: வாசகர் கேள்விகளுக்குத் தடகளப் பயிற்சியாளர் அக்காவின் பதில்கள்

கேள்வி: அக்கா, காலின் கேப்பர்னிக்கை வைத்து நைக்கி செய்த விளம்பரத்துக்காகச் சிலர் ஷூவை எரித்தார்களாமே. சர்ச்சை வந்தால் கம்பெனிக்கு நஷ்டம்தானே? தெரிந்தே ஏன் இறங்குகிறார்கள்? (கல்லூரி மாணவர் ஒருவர்)

பதில்: தம்பி, எரிந்த ஷூவுக்கு எப்போதோ காசு கொடுத்தாகிவிட்டது. அதனால் கம்பெனிக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

நடந்தது இதுதான். கறுப்பின மக்கள் மீதான போலீஸ் வன்முறையை எதிர்த்து, அமெரிக்கக் கால்பந்து (ரக்பி போன்ற ஆட்டம்) வீரரான கேப்பர்னிக் 2016-இல் தேசிய கீதத்தின்போது மண்டியிட்டார். 2017-இலிருந்து எந்த அணியும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 2018 செப்டம்பரில் நைக்கி அவர் முகத்தைப் பெரிதாகப் போட்டு, 'ஒன்றை நம்புங்கள், அதற்காக எல்லாவற்றையும் இழக்க நேர்ந்தாலும்' என்று எழுதியது. உடனே பங்கு விலை சுமார் 3 சதவீதம் சரிந்தது. அதே மாதத்துக்குள் அதுவரை தொடாத உயரத்தைத் தொட்டது.

ஒதுக்கப்பட்ட ஒருவரை ஊரறிய நிறுத்தியது சின்ன விஷயம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வேலை போனது கேப்பர்னிக்குக்கு. அவரைச் சேர்க்காத அதே என்.எஃப்.எல். (அமெரிக்கக் கால்பந்து லீக்) அணிகளுக்குச் சீருடை கொடுக்கும் ஒப்பந்தத்தை, அந்த விளம்பரத்துக்கு ஆறு மாதம் முன்புதான் நைக்கி 2028 வரை நீட்டித்திருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சர்ச்சையை விற்பனைக்குப் பயன்படுத்துவதும் புதிதல்ல. கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டன் போட்ட கறுப்பு-சிவப்பு ஷூ விதிக்குப் பொருந்தவில்லை என்று 1985 பிப்ரவரியில் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. கடிதம் அனுப்பியது. நைக்கி அதையே விளம்பரமாக்கியது: கேமரா ஜோர்டனின் தலையிலிருந்து மெல்லக் கீழே இறங்கும், கால் வந்ததும் ஷூவின் மேல் இரண்டு கறுப்புப் பட்டைகள் வந்து விழும். 'அவர்கள் தடுத்தார்கள், நீங்கள் போடுவதை யாரும் தடுக்க முடியாது' என்பதுதான் சேதி. கடிதத்துக்குக் காரணமானது அவர் பெயரில் நைக்கி விற்ற ஏர் ஜோர்டன் அல்ல, பெரும்பாலும் ஏர் ஷிப் என்ற வேறொரு மாடல் என்று ஷூ சேகரிப்பவர்கள் சொல்வார்கள். விற்றதென்னவோ ஏர் ஜோர்டன்தான்.

கேள்வி: அக்கா, நான் 800 மீட்டர் ஓடுகிறேன். ஒரு கம்பெனி ஸ்பான்சர் செய்ய முன்வந்திருக்கிறது. பெண்களுக்காக நெஞ்சைத் தொடும் விளம்பரங்கள் எடுப்பவர்கள். நம்பிக் கையெழுத்துப் போடலாமா? (ஓட்டப்பந்தய வீராங்கனை ஒருவர்)

பதில்: அவசரப்படாதே தங்கச்சி. உன் தூரம்தான் என் தூரமும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2014-இல் அமெரிக்கத் தேசியப் போட்டியில் அலீசியா மொன்டானோ 800 மீட்டர் ஓடினார், 34 வாரக் கர்ப்பத்தோடு. வழக்கம்போலத் தலையில் பூ. கடைசியாகத்தான் வந்தார், 2 நிமிடம் 32 விநாடி. அந்த ஓட்டத்தை என் பிள்ளைகளுக்குப் பல தடவை போட்டுக் காட்டியிருக்கிறேன். வயிறு முன்தள்ளியிருந்தும் தோள் இறுகவில்லை, கை வீச்சு கெடவில்லை. கூட்டம் எழுந்து நின்று கைதட்டுகிறது.

2019 பிப்ரவரியில் ஆஸ்கர் விழா ஒளிபரப்பின் நடுவே, டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ் குரலில் நைக்கியின் விளம்பரம் ஒன்று வந்தது. பெண்களே, பைத்தியக்காரத்தனம் என்று மற்றவர்கள் சொல்லும் அளவுக்குக் கனவு காணுங்கள் என்றது. எனக்கும் கண் கலங்கியது. மூன்றே மாதத்தில், மே மாதம், மொன்டானோ நியூயார்க் டைம்ஸில் பேசினார். குழந்தை பெற்றுக்கொள்ள நினைப்பதாக முன்பு நைக்கியிடம் சொன்னபோது, ஒப்பந்தத்தை நிறுத்திவைப்போம், பணம் வராது என்றார்களாம்.

அதே மாதம் அமெரிக்க ஓட்டக்காரர் ஆலிசன் ஃபீலிக்ஸும் எழுதினார். அதற்குள் ஆறு ஒலிம்பிக் தங்கம் வென்றிருந்தவர். 2018 நவம்பரில், கர்ப்பகால ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகி, 32-ஆவது வாரத்தில் அறுவை சிகிச்சை செய்து குழந்தையை எடுத்தார்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் பேச்சில், முன்பு கொடுத்ததைவிட 70 சதவீதம் குறைவாகத் தருவதாக நைக்கி சொன்னது என்று எழுதினார். அதைக்கூட அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிரசவத்தை ஒட்டிய மாதங்களில் ஓட்டம் குறைந்தால் தண்டிக்க மாட்டோம் என்று ஒப்பந்தத்தில் எழுதித் தாருங்கள் என்றுதான் கேட்டார். எழுதித் தர மறுத்தார்கள்.

ஆகஸ்டில் நைக்கி இறங்கி வந்தது. பிரசவத் தேதிக்கு 8 மாதம் முன்பும் 10 மாதம் பின்பும், ஆக 18 மாதத்துக்குக் கர்ப்பத்தைக் காரணம் காட்டிப் பணம் குறைக்க மாட்டோம் என்று ஒப்பந்தத்திலேயே சேர்த்தது. விளம்பரம் தானாகச் செய்யாத வேலையை இரண்டு மூன்று பெண்கள் வாயைத் திறந்து செய்ய வைத்தார்கள். ஃபீலிக்ஸ் நைக்கிக்குத் திரும்பவில்லை. 2021-இல் சேஷ் என்ற சொந்த ஷூ கம்பெனியைத் தொடங்கினார். டோக்கியோவில் அந்த ஸ்பைக்ஸைப் போட்டு ஓடி 400 மீட்டரில் வெண்கலம், தொடர் ஓட்டத்தில் தங்கம். மொத்தம் 11 ஒலிம்பிக் பதக்கம்.

என்னிடம் ஓடிய ஒரு பெண்ணுக்கும் முன்பு ஒரு ஒப்பந்தம் வந்தது. மாதாமாதம் கொஞ்சம் பணம், வருடத்துக்கு நாலு ஜோடி ஷூ. சந்தோஷத்தில் முதல் பக்கத்தை மட்டும் படித்தோம். அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு. தொடர்ந்து 90 நாள் போட்டியில் இறங்காவிட்டால் பணம் நிறுத்தப்படும் என்று ஒன்பதாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. அவளுக்குக் கெண்டைக்கால் எலும்பில் கீறல் விழுந்தது. சரியாக 91-ஆம் நாள் பணம் நின்றது. அவள் குதிக்கும் படம் மட்டும் அவர்கள் பலகையில் அடுத்த வருடம்வரை தொங்கியது.

அதனால் நீ கேட்கவேண்டியது நாலு விஷயம். அடிபட்டால் என்ன? கர்ப்பமானால் என்ன? தரவரிசை இறங்கினால் எவ்வளவு வெட்டு? ஒப்பந்தம் முடிந்தபின் என் படத்தை எத்தனை நாள் பயன்படுத்துவீர்கள்? பதிலை வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் வாங்கு. ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடு.

கேள்வி: சும்மா நடந்தாலே தசையை இறுக்கும் ஷூ என்று விளம்பரம் செய்கிறார்கள். வாங்கலாமா? (இல்லத்தரசி ஒருவர்)

பதில்: வேண்டாம். ரீபாக் தன் ஈஸிடோன் ஷூவுக்கு இதையேதான் சொன்னது. சாதாரண ஷூவைவிடப் பிட்டத் தசைக்கு 28 சதவீதம், பின்தொடைத் தசைக்கு 11 சதவீதம் அதிக உறுதி என்று கணக்கும் கொடுத்தது. ஆதாரம் போதாது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் பிடித்ததில், 2011-இல் 2.5 கோடி டாலர் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டு இதேபோன்ற ஷூவுக்காக ஸ்கெச்சர்ஸ் கம்பெனி 4 கோடி டாலர்.

எண்ணைப் பார்த்ததும் மயங்காதீர்கள், எதை அளந்தார்கள் என்று கேளுங்கள். நைக்கியின் வேப்பர்ஃபிளை ஷூவுக்குப் பெயரிலேயே 4 சதவீதம் இருந்தது. அது வெறும் வாய்ப்பேச்சு அல்ல. கொலராடோ பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் 18 ஓட்டக்காரர்களை வைத்து அளந்தது, பணம் நைக்கியுடையது. ஆனால் 4 சதவீதம் குறைந்தது உடல் செலவிடும் ஆற்றல். ஓடும் நேரம் அதே அளவு குறையாது. என்னிடம் வரும் பாதிப் பிள்ளைகள் நேரம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி: இரண்டாம் இடம் வந்தால் தோல்விதானா? (பத்தாம் வகுப்பு மாணவி)

பதில்: இல்லை கண்ணு. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில், 'நீ வெள்ளியை வெல்வதில்லை, தங்கத்தை இழக்கிறாய்' என்று நைக்கி விளம்பரம் வைத்தது. உயிரைக் கொடுத்து ஓடி வெள்ளி வாங்கிய பிள்ளைகள் இருந்த ஊரில் வைத்த வாசகம் அது. எனக்கு இன்றும் ஆறவில்லை.

கேள்வி: என் மகளுக்குக் கோல்கீப்பர் ஜெர்சிதான் வேண்டுமாம். பெண் கோல்கீப்பர்களின் ஜெர்சியை விற்கவே மாட்டார்களா? (தந்தை ஒருவர்)

பதில்: கேட்டால் விற்பார்கள். 2023 உலகக் கோப்பையில் இங்கிலாந்தின் கோல்கீப்பர் மேரி இயர்ப்ஸ் போட்ட ஜெர்சியை நைக்கி ரசிகர்களுக்கு விற்பனைக்கே வைக்கவில்லை. இயர்ப்ஸ் வெளிப்படையாக வருத்தப்பட்டார். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மனுவில் கையெழுத்திட்டார்கள். அவர் இறுதிப் போட்டியில் பெனால்டியைத் தடுத்து, சிறந்த கோல்கீப்பருக்கான தங்கக் கையுறையையும் வாங்கினார். அதன்பின் கொஞ்சம் ஜெர்சி விற்பனைக்கு வந்தது. வந்த வேகத்தில் தீர்ந்தும் போனது.